உறங்காத உறக்கம்: மடிக்கணினியின் துயில்நிலையும் மின்செலவும்

ஒரு பெயர், தான் குறிக்கும் பொருளின் இயல்பையோ செயலையோ காரணமாகக் கொண்டு அமையுமாயின் அதனைக் காரணப்பெயர் என்றும், காரணம் எதுவும் தோன்றாது வழங்குமாயின் இடுகுறிப்பெயர் என்றும் நம் இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். காலப்போக்கில் பொருள் மாறிப் பெயர் மட்டும் நிலைத்துவிடின், காரணப்பெயரே இடுகுறி போல் நின்றுவிடுவதும் உண்டு. மொழியளவில் நிகழும் இத்தகைய மாற்றத்தால் எவருக்கும் பொருளிழப்பு நேர்வதில்லை. ஆனால், நாம் நாள்தோறும் கையாளும் ஒரு கருவியில் இம்மாற்றம் நிகழ்ந்து, அதனை நமக்கு எவரும் எடுத்துரைக்காது விட்டனராயின், இழப்பு நம்மைச் சார்ந்ததாகிறது. மடிக்கணினியின் 'ஸ்லீப்' எனப்படும் துயில்நிலை அதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

2011ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் கைகளிலும் இக்கருவி வந்து சேர்ந்தது. இன்று ஆய்வேடு எழுதுவோரும், பாடக்குறிப்பு அணியம் செய்யும் ஆசிரியப் பெருமக்களும் இதனையே நம்பியுள்ளனர். இவர்களுள் பலரிடமிருந்தும் நாம் கேட்கும் முறையீடு ஒன்றுண்டு. இரவில் மின்கலம் நிறைந்த நிலையில் கணினியின் மூடியை மூடி வைத்தோம்; காலையில் திறந்தால் மின்கலம் வற்றிக் கிடக்கிறது என்பர். பையில் வைத்துப் பேருந்தில் கொண்டு வந்தோம். வகுப்பில் எடுத்தபோது அடுப்பிலிருந்து இறக்கிய கலம் போல் சுடுகிறது என்பாரும் உளர். மின்கலம் கெட்டுவிட்டது என்று கருதிப் புதியது வாங்கி மாட்டியும் குறை தீராது வருந்தியோரும் இருக்கின்றனர். பல வேளைகளில் குறை மின்கலத்தில் இல்லை. துயில் என்னும் பெயரிலேயே இருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துயிலும் ஆழ்துயிலும்

கணினி இயங்கும்போது நாம் எழுதும் செய்திகள் முதலில் தங்குமிடம் அதன் நினைவகம் ஆகும். நினைவகத்தின் ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் மிக நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. ஓட்டைக் குடத்து நீர் போல அம்மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால், வழக்கமாக 64 மில்லி விநாடிகளுக்குள் ஒருமுறை அதனை மீண்டும் நிரப்பியாக வேண்டும். மின்சாரம் நின்றால் நினைவகத்திலுள்ளவை அனைத்தும் மறைந்துபோகும். இவ்வியல்பை மனத்திற்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

கணினியின் மின்செலவைக் கட்டுப்படுத்த 1992ஆம் ஆண்டு இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் ஏ.பி.எம். என்னும் நெறிமுறையை உருவாக்கின. அதன்பின், 1996ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவ்விரு நிறுவனங்களுடன் தோஷிபாவும் இணைந்து ஏ.சி.பி.ஐ. என்னும் விரிவான நெறிமுறையை வெளியிட்டன. இதன்படி கணினியின் நிலைகள் எஸ்0 முதல் எஸ்5 வரை வகுக்கப்பட்டன. எஸ்0 என்பது விழித்து இயங்கும் நிலை. எஸ்5 என்பது முழுதும் அணைந்த நிலை. இடைப்பட்டவற்றுள் நாம் அறிய வேண்டியவை எஸ்3, எஸ்4 ஆகிய இரண்டேயாம்.

எஸ்3 நிலையில் செயலி, திரை, சேமிப்பகம், வலைப்பின்னல் அட்டை ஆகிய யாவும் மின்சாரத்தை இழந்துவிடும். நினைவகம் மட்டும் சிறிதளவு மின்சாரத்தைப் பெற்றுத் தன்னிடமுள்ளதைக் காத்துக்கொண்டிருக்கும். விழிப்பூட்டும் சிறு சுற்றுக்கும் மின்சாரம் கிட்டும். மூடியைத் திறந்தவுடன் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடரலாம். இதுவே பல்லாண்டுக் காலம் 'ஸ்லீப்' என வழங்கியது. இதனை நாம் 'துயில்' என்போம். இங்கே பெயரும் பொருளும் பொருந்தி நின்றன.

எஸ்4 நிலையில், நினைவகத்திலுள்ளவை அனைத்தும் சேமிப்பகத்தில் ஒரு கோப்பாக எழுதப்பட்டு, அதன்பின் கணினி அணைந்துவிடும். 'ஹைபர்நேட்' என்று வழங்கும் இதனை 'ஆழ்துயில்' எனலாம். இந்நிலையில் மின்செலவு ஏறத்தாழ இல்லையென்றே கூறலாம். விழித்தெழச் சில விநாடிகள் கூடுதலாக ஆகும் என்பதே இதன் குறை. மின்கலம் முழுதும் வற்றினாலும் செய்திகள் அழியா என்பது இதன் சிறப்பு.

விழிதுயிலின் வரவு

2007ஆம் ஆண்டு ஐஃபோனும், 2010ஆம் ஆண்டு ஐபேடும் வெளிவந்த பின்னர் மக்களின் எதிர்பார்ப்பு மாறியது. கைப்பேசி ஒருபோதும் முழுதாக உறங்குவதில்லை. அழைப்பு எந்நேரமும் வரக்கூடும் ஆதலின் அது விழித்திருந்தே ஓய்வெடுக்க வேண்டும். தொட்டவுடன் ஒளிரும் அக்கருவியைப் போலவே மடிக்கணினியும் அமைய வேண்டும் என உற்பத்தியாளர் விரும்பினர். 2012ஆம் ஆண்டு விண்டோஸ் 8 இயங்குதளத்துடன் 'கனெக்டட் ஸ்டேண்ட்பை' என்னும் புதுமுறை அறிமுகமாயிற்று. 2015ஆம் ஆண்டு விண்டோஸ் 10 வெளிவந்தபோது அது 'மாடர்ன் ஸ்டேண்ட்பை' என விரிவுபெற்றது. ஆப்பிள் நிறுவனமும் 2012ஆம் ஆண்டிலேயே 'பவர் நாப்' என்னும் ஏற்பாட்டால், உறங்கும் கணினி இடையிடையே எழுந்து அஞ்சல் முதலியவற்றைப் பெற வழிசெய்தது.

இப்புதுமுறையில் கணினி எஸ்3 நிலைக்குச் செல்வதே இல்லை. எஸ்0 என்னும் விழிப்பு நிலையிலேயே இருந்துகொண்டு, திரையை அணைத்து, செயலியை மிகக் குறைந்த மின்செலவுடைய ஓய்வுக்கு அனுப்புகிறது. அஞ்சல் வந்தாலும், புதுப்பித்தல் வேண்டினாலும், உரிய நேரம் குறிக்கப்பட்டிருந்தாலும் சற்றே எழுந்து பணியை முடித்து மீண்டும் ஓய்வுக்குச் செல்கிறது. நாட்டுப்புறத்தார் 'கோழித்தூக்கம்' என்பது இதற்கு முற்றும் பொருந்தும். கண்மூடியிருப்பினும் விழித்திருக்கும் இந்நிலையை நாம் 'விழிதுயில்' என்று குறிப்போம்.

இம்முறை தன்னளவில் தீயதன்று. செம்மையாக அமைந்தால் மிகச் சிறிதளவு மின்சாரத்தையே அது உண்ணும். 2020ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுடன் வெளியிட்டுவரும் மடிக்கணினிகள் இதற்குச் சான்று. செயலியும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் படைப்பாதலின் அங்கே ஒத்திசைவு எளிதாயிற்று. ஆனால், பிற மடிக்கணினிகளில் செயலி ஒருவரிடமிருந்தும், இயங்குதளம் மற்றொருவரிடமிருந்தும், வலைப்பின்னல் அட்டை வேறொருவரிடமிருந்தும் வருகின்றன. சிக்கல் அங்கேதான் தோன்றுகிறது.

உறக்கம் ஏன் கலைகிறது?

மாணவர் விடுதி ஒன்றை நினைத்துக்கொள்வோம். பழைய முறையில், குறித்த நேரம் வந்ததும் விடுதிக் காப்பாளர் முதன்மை மின்விசையை இறக்கிவிடுவார். எவர் விரும்பினும் விரும்பாவிடினும் விடுதி இருளில் ஆழும். எஸ்3 என்பது அத்தகையது. புதிய முறையில் காப்பாளர் விசையைத் தொடுவதில்லை. ஒவ்வோர் அறையினரும் தத்தம் விளக்கை அணைத்த பின்னரே நடைக்கூடத்து விளக்கு தானே அணையும். ஓர் அறையில் ஒரே ஒரு மாணவர் விழித்திருப்பினும் நடைக்கூடம் முழுதும் இரவெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். விழிதுயில் இத்தகையது.

கணினியின் ஒவ்வோர் உறுப்பும் தன் ஓய்வு நிலையை அடைந்தால்தான் செயலித் தொகுதி முழுமையும் ஆழ்ந்த ஓய்வை அடைய இயலும். கம்பியில்லா வலைப்பின்னல் அட்டை ஓயாது செய்தி தேடிக்கொண்டிருக்கலாம். சேமிப்பகத்தின் இயக்கி மென்பொருள் செம்மையற்றதாய் இருக்கலாம். செருகியபடியே விடப்பட்ட யுஎஸ்பி கருவி ஒன்று தடையாகலாம். பின்னணியில் ஓடும் மென்பொருள் ஒன்று அடிக்கடி எழுப்பிவிடலாம். இவற்றுள் எது நேர்ந்தாலும் திரை இருண்டிருக்கும். உள்ளே மின்சாரம் எரிந்துகொண்டிருக்கும்.

மூடியை மூடுவதும் நாம் எண்ணுவது போன்ற செயலன்று. பெரும்பாலான மடிக்கணினிகளில் மூடியில் சிறு காந்தமும், அடிப்பகுதியில் காந்தப்புலத்தை உணரும் உணரியும் உள்ளன. மூடி நெருங்கும்போது உணரி ஒரு குறிப்பை மட்டும் அனுப்புகிறது. அக்குறிப்பைப் பெற்று என்ன செய்வது என்பதை முடிவு செய்வது இயங்குதளமே. மூடுதல் என்பது விசையை இறக்குதல் அன்று. வேண்டுகோள் விடுத்தல் மட்டுமே.

இழப்பின் அளவு

ஒரு சிறு கணக்கால் இதன் விளைவை அறியலாம். மடிக்கணினி ஒன்றின் மின்கலம் 50 வாட்-மணி ஆற்றல் கொண்டது எனக் கொள்வோம். துயிலும் நிலையில் அது 0.5 வாட் செலவிடுமாயின் 8 மணி நேர இரவில் 4 வாட்-மணி, அதாவது நூற்றுக்கு 8 பங்கு மட்டுமே குறையும். ஓர் உறுப்பு உறங்காமையால் செலவு 5 வாட்டாக உயருமாயின் அதே இரவில் 40 வாட்-மணி, அதாவது நூற்றுக்கு 80 பங்கு கரைந்துவிடும். இரு நிலைகளிலும் கணினி நமக்குக் காட்டும் தோற்றம் ஒன்றே: இருண்ட திரை.

இதனால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, மின்கலத்தின் ஆயுள் குறைதல். 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனத்தால் விற்பனைக்கு வந்ததும், அதன் அடிப்படையைக் கண்ட அறிஞர் மூவருக்கு 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததும் லித்தியம் அயனி மின்கலமாகும். அது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஏற்ற இறக்கங்களையே தாங்கும். வெப்பமும் அதனை விரைந்து முதுமையடையச் செய்யும். பயன்படுத்தாத இரவுகளிலும் வற்றி நிரம்பும் மின்கலம், உழைக்காமலே தேய்கிறது.

இரண்டாவது, வெப்பம். காற்றோட்டத்துடன் மேசைமேல் இயங்க அமைந்த கருவி, மூடிய பைக்குள் புத்தகங்களுக்கிடையே விழித்தெழுமாயின் வெப்பம் வெளியேற வழியில்லை. விசிறி சுழன்றும் பயனில்லாது போகும்.

மூன்றாவது, செய்தியிழப்பு. துயிலிலும் விழிதுயிலிலும் நம் பணி நினைவகத்திலேயே நிற்கிறது. மின்கலம் வற்றுமுன் கணினி தானே ஆழ்துயிலுக்குச் செல்லும் ஏற்பாடு பெரும்பாலும் உண்டு. எனினும், அவ்வேற்பாடு நீக்கப்பட்டிருந்தாலோ இடையில் தடைப்பட்டாலோ சேமிக்காத பக்கங்கள் மீளா. பல நாள் முயன்று எழுதிய ஆய்வேட்டின் ஓர் இயலை இழந்த மாணவருக்கு அது சிறு இழப்பன்று.

பணிநிறுத்தமும் முழு நிறுத்தமன்று

துயிலை நம்பாதவர் 'ஷட் டவுன்' செய்துவிட்டால் போதும் என்பர். அப்பெயரும் இன்று முன்போல் இல்லை. 2012ஆம் ஆண்டு விண்டோஸ் 8 முதலே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் ஏற்பாடு பல கணினிகளில் இயல்பாகவே செயற்படுகிறது. இதன்படி பணிநிறுத்தம் செய்யும்போது நாம் திறந்துவைத்த மென்பொருள்கள் மூடப்படும். ஆனால் இயங்குதளத்தின் கருப்பகுதி ஆழ்துயிலில் வைக்கப்படும். அடுத்த முறை விரைவாகத் தொடங்குவதற்கே இது செய்யப்பட்டது. மின்செலவைப் பொறுத்தமட்டில் இதனால் பெருங்கேடு இல்லை. எனினும், இயக்கி மென்பொருளில் ஏற்பட்ட கோளாறு பணிநிறுத்தத்தால் தீராமல் 'ரீஸ்டார்ட்' செய்தபின் தீர்வதற்குக் காரணம் இதுவேயாகும். மறுதொடக்கமே முழுமையான புதுத்தொடக்கம். 'ஷிஃப்ட்' விசையை அழுத்தியவாறு பணிநிறுத்தம் செய்தாலும் முழு நிறுத்தம் கிட்டும். இங்கும் பெயர் ஒன்று, பொருள் வேறாதலைக் காண்கிறோம்.

செய்யத்தக்கன

முதற்கண், நம் கணினி எவ்வகைத் துயிலை உடையது என்பதை அறிதல் வேண்டும். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் 'பவர்சிஎஃப்ஜி' என்னும் கட்டளையைத் தட்டி, இடைவெளிவிட்டுச் சாய்கோடும் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தால், அக்கணினி ஏற்கும் நிலைகளின் பட்டியல் தோன்றும். அதில் எஸ்3 இருப்பின் பழைய துயில்; எஸ்0 குறைமின் ஓய்வு எனக் காட்டுமாயின் விழிதுயில். அதே கட்டளையுடன் 'ஸ்லீப்ஸ்டடி' என்னும் சொல்லைச் சேர்த்து, கணினி மேலாளர் உரிமையுடன் இயக்கினால், விழிதுயில் உடைய கணினிகளில், உறங்கியதாகக் கருதப்பட்ட வேளைகளில் எவ்வளவு மின்சாரம் கரைந்தது, எவ்வுறுப்பு உறங்க மறுத்தது என்பனவற்றைக் கூறும் அறிக்கை கிடைக்கும். நோயறியாது மருந்துண்பதினும் இதுவே அறிவுடைமை.

இரண்டாவதாக, ஆழ்துயிலைப் பயன்படுத்தப் பழகுதல் வேண்டும். பல கணினிகளில் அது பட்டியலில் தோன்றாது மறைந்திருக்கும். 'கண்ட்ரோல் பேனல்' பகுதியில் மின்னாற்றல் விருப்பங்களுக்குச் சென்று, மின்விசைகளின் செயலைத் தெரிவுசெய்யும் பக்கத்தில் 'ஹைபர்நேட்' என்பதைக் குறியிட்டால் அது வெளிப்படும். மூடியை மூடினால் ஆழ்துயிலுக்குச் செல்லுமாறும் அங்கேயே அமைக்கலாம். ஆழ்துயில் சேமிப்பகத்தைத் தேய்த்துவிடும் என அஞ்சுவோர் உளர். நாளொன்றுக்கு இருமுறை, முறைக்கு 8 ஜிகாபைட் வீதம் எழுதினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.8 டெராபைட் மட்டுமே ஆகும். இக்காலத் திண்மச் சேமிப்பகங்கள் பலவும் நூறு டெராபைட்டுக்கு மேல் எழுதத் தாங்குமாறு உறுதியளிக்கப்படுகின்றன. ஆதலின் அவ்வச்சம் வேண்டா.

மூன்றாவதாக, சில பழக்கங்களை மேற்கொள்ளல் நலம். மின்னிணைப்பில் உள்ளபோது கணினி பின்னணிப் பணிகளுக்குக் கூடுதல் இசைவு தருகிறது. ஆகவே முதலில் மின்கம்பியைக் கழற்றி, அதன்பின் மூடியை மூடுதல் நன்று. சுட்டெலியின் சிறு ஏற்பி முதலிய யுஎஸ்பி கருவிகளைக் கழற்றிவிட வேண்டும். பையில் வைத்துப் பயணம் செய்யுமுன் துயிலை நம்பாது, ஆழ்துயிலோ பணிநிறுத்தமோ செய்தல் வேண்டும். கணினி உற்பத்தியாளர் வெளியிடும் இயக்கி மென்பொருள் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றிக்கொள்ள வேண்டும். எந்நிலைக்கு அனுப்புவதாயினும் எழுதியதை முதலில் சேமித்தல் தலையாய கடமை.

லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர்க்கு இவ்விரு துயிலும் 'எஸ்2ஐடில்', 'டீப்' என்னும் தனித்தனிப் பெயர்களால் காட்டப்படுகின்றன. கருவி இடந்தருமாயின் இரண்டாவதைத் தெரிவுசெய்தல் பழைய துயிலைப் பெறும் வழியாகும். 2018ஆம் ஆண்டில் லெனோவா நிறுவனம் தன் திங்க்பேட் கணினிகள் சிலவற்றில், பயனர் முறையீட்டுக்குப் பின், இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் வசதியை அடிப்படை அமைப்புத் திரையில் சேர்த்தது. ஆயினும், அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 நிலை அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. அவற்றை உடையோர்க்கு ஆழ்துயிலே உறுதியான வழி.

முடிவுரை

உறுப்புகள் யாவும் ஒத்துழைத்தால் விழிதுயில் நல்ல ஏற்பாடே. அழைப்புக்குக் காத்திருக்கும் கைப்பேசிக்கு அது இன்றியமையாதது. ஆனால், இரவில் நம் மடிக்கணினி எவருடைய அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. அதற்குத் தேவை முழு ஓய்வு. அத்தெரிவைப் பயனரிடமிருந்து எடுத்துவிட்டுப் பழைய பெயரை மட்டும் விட்டுவைத்ததே இங்கு நாம் காணும் குறை. பலபொருள் ஒருசொல் செய்யுளுக்கு அழகு சேர்க்கலாம். கருவிக்கு அது தகாது. துயிலுக்கும் விழிதுயிலுக்கும் வெவ்வேறு பெயர் இட்டு, இரண்டில் எது வேண்டும் எனப் பயனரைக் கேட்பது உற்பத்தியாளரின் கடமையாகும். கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபடும் தமிழ் மாணவரும் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் காண்பதோடு அமையாது, அச்சொல் குறிக்கும் பொருள் இன்று எவ்வாறு உள்ளது என்பதையும் ஆராய்ந்து பெயரிட வேண்டும்.

வீண்விரயம் கூடாது என்பது நம் மார்க்கம் கற்பித்த பண்பு. வீணாவது சிறிதா பெரிதா என்பது அங்கே அளவுகோல் அன்று. ஓர் இரவில் ஒரு கணினி வீணாக்கும் மின்சாரம் சிறிதே எனினும், ஒவ்வொரு விடுதி அறையிலும் ஒவ்வோர் இல்லத்திலும் அது நாள்தோறும் நிகழ்கிறது. பெற்றோர் அரிதின் ஈட்டிய பொருளால் வாங்கித் தந்த கருவியும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதமே. அதன் இயல்பை அறிந்து, உரிய வேளையில் உரிய ஓய்வைத் தந்து பேணுதல் அவ்வமானிதத்தைக் காக்கும் வழியாகும். இன்றிரவு கணினியை மூடி வைக்குமுன், அது உறங்கப் போகிறதா, கண்மூடி விழித்திருக்கப் போகிறதா என ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.